கூண்டுப்பூக் கொடியும் பத்மாம்பாள் சொன்ன பொய்யும்

கிணற்றில் சேந்திய தண்ணீரைப் பத்மாம்பாள் அம்மாள் அப்படியே குடத்தில் ஊற்ற மாட்டார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, நடுவில் விரலால் ஒரு பள்ளம் செய்து, அந்தப் பள்ளத்தில் நூல் பிடித்தது போல வார்ப்பார். தண்ணீர் இறங்கி முடிந்ததும் துணியின் முனைகளைச் சேர்த்துத் தூக்கிக் கிணற்றடிக்கு எடுத்துப் போவார். துணியைப் புரட்டிப் பிடித்து, வடிகட்டிய நீரையே கொஞ்சம் அதன் மேல் விட்டு, கீழே ஒரு சின்னச் செம்பில் பிடிப்பார். பிறகு அந்தச் செம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். செம்பின் அடி தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அதைக் கவிழ்ப்பார். மேலிருந்து கொட்டினால், துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அடிபட்டுவிடுமாம். செம்பு காலியாகி மேலே வரும் வரை அவர் மூச்சு விடுவது கூடத் தெரியாது.

திண்டிவனத்துப் பக்கம் வல்லத்துக்கு அருகில் உள்ள அந்த ஊருக்கு, போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்து 1941இல் நான் போனேன். எனக்குச் சொந்த ஊர் வளவனூர். அம்மாளின் வீட்டு முன்னறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. அவர் ஜைனர், அந்தப் பக்கத்தில் நயினார் வீடு என்பார்கள். கணவர் இறந்து வெகுகாலமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

சாவியைக் கொடுத்த அன்று அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

"வெங்காயம், கெழங்கு, மண்ணுக்குள்ள வெளையற எதுவும் இந்த வாசப்படி தாண்டி வரக் கூடாது வாத்தியாரே. காய பறிச்சா செடி நிக்கும். கெழங்க புடுங்கினா செடியே போச்சு, அத ஒட்டிக்கினு இருக்கற உசுருங்க எல்லாம் போச்சு. எங்க வீட்ல அது கெடையாது."

முதலில் நான் இதையெல்லாம் பக்தி என்று எண்ணிக்கொண்டேன். பேசத் துணிவில்லாதவனுக்குப் பார்க்க நேரம் நிறைய இருக்கும். பார்க்கப் பார்க்க, அவரிடம் பக்தியை விடப் பயம்தான் அதிகம் என்று தோன்றியது. நடக்கும்போது கண் தரையை விட்டு எழும்பாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். விளக்கில் விழுந்து சாகும் பூச்சிகளை நினைத்து மழைக்காலத்தில் பல நாள் விளக்கே ஏற்ற மாட்டார். தன் கையால் ஏதாவது செத்துப்போகுமோ என்ற பயத்திலேயே ஒரு மனுஷி ஆயுளைக் கழிக்க முடியும் என்பதை அந்த வீட்டில்தான் கண்டேன்.

அவருக்கு ஊருக்கு வெளியே செஞ்சி ஆற்றுப் பக்கமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. வெறும் மணல். நடுவே ஒற்றைப் பனை. சுற்றியிருந்த மணல்வெளி எல்லாம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையாகிவிட்டது. அவர் நிலத்தில் மட்டும் ஏர் ஓடவில்லை. அதற்குக் காரணம் ஒரு கொடி.

ஆவணி மழை விழுந்ததும் மணலிலிருந்து அது நூல் போலக் கிளம்பும். புல்லையும் முள்ளையும் பிடித்துக்கொண்டு ஏறும். புரட்டாசியில் பூக்கும். விரல் நீளத்தில் பச்சை கலந்த வெள்ளைக் குழல். அடியில் குட்டிக் குடம் போல ஒரு உப்பல். உச்சியில் ஐந்து கருஞ்சிவப்பு இழைகள் வளைந்து ஒன்று சேர்ந்து கூண்டு கட்டியிருக்கும். ஊரில் கூண்டுப்பூ என்பார்கள். சின்ன ஈ ஒன்று உள்ளே இறங்கிவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் ஒரு நாள் முழுக்கக் குழலுக்குள் முட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் பூ தளர்ந்ததும் பறந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது தொடப்போன கையை எடுத்துக்கொண்டேன். கோடையில் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். கிழங்கு மட்டும் மணலுக்குள் அடுத்த மழை வரை உறங்கும்.

"நான் கல்யாணமாயி வந்தப்போ இந்தக் கரை நெடுக இதான்" என்று அம்மாள் ஒரு நாள் சொன்னார். "சப்பாத்திக்கள்ளி பொதரு பொதரா இருந்துச்சு, ஆடு உள்ள வர முடியாது. கள்ளி பூச்சி வுழுந்து செத்துது, ஆடு வந்துது. அப்பறம் மல்லாட்டைக்கு வெல வந்துது, ஏர் வந்துது. இப்ப இங்க மட்டும்தான்."

"மணலைக் கட்டிக்கினு அழுவுது" என்று ஊரில் கேலி பேசினார்கள். நான் வருவதற்கு முன் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து செடிகொடி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் திண்டிவனத்தில் ரயிலிறங்கி வந்திருக்கிறார். அந்தக் கொடியை இந்த ஜில்லாவில் வேறெங்கும் பார்க்கவில்லை என்றாராம். கிழங்கோடு ஒன்று பிடுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு அம்மாள் விடவில்லை. ஒரு கிளையை மட்டும் வெட்டிக்கொண்டு, "பார்த்துக்கங்கம்மா, இது போனா போனதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த வார்த்தை அம்மாளின் பயங்களோடு இன்னொரு பயமாகச் சேர்ந்துகொண்டது.

பிறகு சண்டைக் காலம் முற்றியது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வந்து இறங்கினார்கள். பர்மா அரிசி நின்றது. 1943இல் கேப்பைக் கூழுக்கே திண்டாட்டம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் வந்தன. பெண்கள் களை கொத்தும் கொட்டுகளை எடுத்துக்கொண்டு கரையோரம், வேலியோரம் எங்கே எந்தக் கிழங்கு அகப்படும் என்று தோண்டத் தொடங்கினார்கள்.

ஆவணி மாதம் ஒரு காலையில் நாலைந்து பெண்கள் அம்மாளின் மணலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் குப்பம்மாள். புருஷன் கப்பலேறிப் போய்ச் சேதி இல்லாதவள். ஐந்து வயது மகள் அம்சாவை வைத்துக்கொண்டு கூலி வேலை செய்கிறவள்.

"நயினாரூட்டம்மா, இந்தக் கூண்டுப்பூக் கொடிக்கி அடியில கெழங்கு இருக்குதாமே. தின்னலாமா?"

அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அது விஷம்" என்றார்.

"அய்யய்யோ. மெய்யாவா?"

"தின்னா நாக்கு தள்ளிடும். கொழந்தைங்கள கிட்ட வுடாதீங்க."

அது அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் என்று சில வாரங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம் அவர் சாப்பிடாமல் படுத்ததைத்தான்.

பொய்க்குக் கால் முளைத்தது. மண்டகப்பட்டில் ஒரு காளை அந்தக் கொடியை மேய்ந்துவிட்டு நுரை கக்கிச் செத்தது என்று ஒருவர் சொன்னார். அந்தக் காளையின் கொம்பு கூடக் கறுத்துவிட்டது என்றார் இன்னொருவர். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகள், கூண்டுப்பூவைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் பார்வை போய்விடும் என்று ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டார்கள். நானும் அந்தப் பக்கம் போகும்போது பனையைச் சுற்றி விலகி நடந்தேன். கொடி தப்பித்தது. அந்த வருஷம் மணல் முழுக்கப் பூ.

சரஸ்வதி பூஜை விடுமுறை. முற்பகல் வேளை. திண்டிவனம் ரயிலடியில் வாங்கி வந்த பத்திரிகையில் யாப்பில்லாமல் எழுதிய ஒரு கவிதையைப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாள் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"நயினாரூட்டம்மா! குப்பு பொண்ணு உன் கெழங்கத் தின்னுட்டுச்சு!"

முறத்தின் சத்தம் நின்றது.

"எப்ப?"

"குப்பு பக்கத்துக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தா. இது பனையடில குந்திக்கினு தோண்டித் தோண்டித் தின்னிருக்குது. வாயெல்லாம் மணலு. வைத்தியரு வந்துட்டாரு. எல்லாத்தையும் வெளிய எடுத்துக்கினு இருக்காரு."

குழந்தை கிழங்கைத் தின்றது என்று கேட்டபோது அம்மாளின் முகம் வெளுத்தது. வைத்தியர் வந்துவிட்டார் என்று கேட்டபோது அவர் எழுந்து ஓடினார். தரையைப் பார்க்காமல் அவர் கால் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் பின்னால் ஓடினேன்.

பனையடியில் ஒரு சாக்கை விரித்து அம்சாவைக் கிடத்தியிருந்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றியிருந்தது கன்னத்தில் பச்சையாக வழிந்து காய்ந்திருந்தது. வாந்தி நின்றுபோய், இப்போது வயிறு போய்க்கொண்டிருந்தது. பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளக் கொட்டையை இழைத்துப் புகட்டியிருந்தார் சீனுவாச வைத்தியர். பெரிய ஆளுக்கே கடுகளவுக்கு மேல் கொடுக்கக் கூடாத சரக்கு. குழந்தையின் கண் குழிக்குள் போய்விட்டது. உதடு வறண்டு வெடித்திருந்தது. காலை இழுத்து இழுத்து மடக்கியது.

வைத்தியர் கல்லில் மறுபடி இழைத்துக்கொண்டிருந்தார். 

"எல்லாம் வெளிய வந்துட்டுச்சுங்களே சாமி" என்றாள் குப்பம்மாள். "இன்னும் உள்ள இன்னா இருக்குது?"

"வெஷம் கொடல்ல ஒட்டிக்கினு இருக்கும். இன்னொரு வேள குடுத்தாத்தான் எறங்கும்."

"தண்ணி கேக்குதுங்க."

"தண்ணி ஆவாது. வெஷம் ஏறும்."

"தாங்குமாங்க கொழந்த?"

வைத்தியர் கல்லைச் சாய்த்து, விரலால் வழித்து எடுத்தார்.

"கல்லக் கீழ வைங்க வைத்தியரே" என்றார் அம்மாள். குரல் அவருடையது போல இல்லை. "அது வெஷமில்ல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்கதானேம்மா வெஷம்னு சொன்னீங்க. ஊரே சொல்லுதே."

"நான் பொய் சொன்னேன். கொடியத் தோண்டிப்புடுவாங்கன்னு சொன்னேன். கொழந்தைக்கித் தண்ணி குடுங்க. மருந்த நிறுத்துங்க."

 கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"உசுரு போனா தன் தலைல வுழும்னு மாத்திப் பேசுது. நெலம் அவங்களுதாச்சே."

"மண்டகப்பட்டுல காள செத்துதே, அதுவும் பொய்யா?" என்றாள் ஒருத்தி.  அந்தக் காளை அம்மாளின் பொய்யிலிருந்து பிறந்த காளை.

குப்பம்மாள் குழந்தையின் தலையை மடியிலிருந்து இறக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணை என்னால் நேரே பார்க்க முடியவில்லை.

"நான் எந்த வார்த்தைய நம்புறதும்மா? அன்னிக்கிச் சொன்னதா, இன்னிக்கிச் சொல்றதா? மருந்து குடுக்காம எம் பொண்ணு செத்தா?"

"குடுத்தாதான் குப்பு செத்துடும்."

"அன்னிக்கும் இதே மொகத்தோடதானே சொன்னீங்க!"

வைத்தியர் குழந்தையின் வாயைத் திறக்கக் குனிந்தார். அம்சா பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. அது முனகல் என்று கூடச் சொல்ல முடியாது. பூனைக்குட்டியின் சத்தம் போல இருந்தது.

சாக்குக்குப் பக்கத்தில் அம்சா தோண்டிப் போட்ட கிழங்குகள் கிடந்தன. வெங்காயம் அளவு, தட்டையாக, தோல் உரியாமல், கொடியும் பூவும் ஒட்டியபடியே. அம்மாள் உட்கார்ந்து அதில் ஒன்றை எடுத்தார். பிறந்ததிலிருந்து அந்தக் கை ஒரு கிழங்கைத் தொட்டதில்லை. அதன் மேல் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கிழங்கை மணலோடு சேர்த்து வைத்து, எறும்பு இறங்கும் வரை காத்திருந்தார். வைத்தியரின் விரல் குழந்தையின் உதட்டருகே இருந்தது. அவ்வளவு அவசரத்திலும் எறும்பு இறங்கிய பிறகுதான் அவர் கிழங்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

கடித்தார். மணல் பல்லில் நெறுநெறுவென்றது. மென்றார், விழுங்கினார். இன்னொன்றை எடுத்து அதையும் தின்றார்.

"நயினாரூட்டம்மா கெழங்கு தின்னுது" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். அந்தப் பெண்களின் முகத்தில் அப்போது தெரிந்தது விஷத்தைக் கண்ட பயம் மாதிரி இல்லை. கோயில் இடிந்து விழுவதைப் பார்க்கிறவர்களின் பயம்.

"அம்சா எவ்வளவு தின்னுதோ அவ்வளவு நானும் தின்னுட்டேன்" என்றார் அம்மாள். உதடு நடுங்கியது. விரதத்தை முறித்த வெட்கத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். "இங்கியே குந்தியிருக்கேன். நான் வுழுந்தா ரெண்டு பேருக்கும் மருந்து குடுங்க. அதுவரைக்கும் கொழந்தைக்கித் தண்ணி குடு குப்பு. உன் கால்ல வுழுறேன்."

குப்பம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வைத்தியரின் கையைத் தட்டிவிட்டாள்.

"யாராச்சும் கஞ்சித் தண்ணி கொண்டாங்க. உப்புப் போட்டு."

கஞ்சித் தண்ணீர் வந்தது. குப்பம்மாள் சீலைத் தலைப்பை நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். பாதி வெளியே வந்தது. மறுபடி பிழிந்தாள். நாங்கள் ஒரு கண்ணைக் குழந்தை மேலும் ஒரு கண்ணை அம்மாள் மேலும் வைத்துக்கொண்டு நின்றோம். அவர் வியர்த்தால் பயந்தோம். எச்சில் விழுங்கினால் பயந்தோம். கண்ணை மூடி ஜைனர்களின் மந்திரத்தைச் சொல்லத் தொடங்கியபோது ஒருத்தி, "போச்சு, கண்ணு சொருகுது!" என்று அலறிவிட்டாள்.

"ஒண்ணும் சொருகல" என்றார் அம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"கசக்குதாம்மா அது?" என்று இன்னொருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணியா இருக்குது."

பனையின் நிழல் சாக்கை விட்டு நகர்ந்தது. அம்மாள் விழவில்லை. வைத்தியர் இழைத்ததை மணலில் வழித்துப் போட்டுவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு, "என் பேர்ல பாரமில்ல" என்று சொல்லிப் போனார்.

குழந்தை அப்படியும் தெளியவில்லை. கால் சில்லிட்டுக்கொண்டே வந்தது. வண்டி பூட்டிச் சாலைக்குக் கொண்டுபோனோம். அது பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்த வாயுவில் பஸ் ஓடிய காலம், வரும், வராது. வந்தால் மேட்டில் நிற்கும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். சாலையில் காத்திருந்தபோது அம்மாள் குழந்தையின் மூக்கருகே புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. குப்பம்மாளை ஏற்ற நடத்துநர் முகம் சுளித்தபோது, "என்னோட வராங்க" என்று அம்மாள் முதலில் அவளை ஏற்றிவிட்டார்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தைக்கு உப்பு நீர் ஏற்றினார். நடந்ததைக் கேட்டுவிட்டு எங்களை ஒரு சுற்றுத் திட்டினார்.

"விஷமுமில்ல, ஒண்ணுமில்ல. பேதியில ஒடம்புல இருந்த தண்ணியெல்லாம் போயிருக்கு. இன்னொரு வேளை குடுத்திருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் தூக்கிக்கினு வந்திருக்கவே வேணாம்."

அம்சா பிழைத்தது. மறுநாள் காலை அது கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குப்பம்மாள் அப்போதுதான் அழுதாள். அழுகை நின்றதும் அம்மாளிடம் வந்தாள்.

"கொடிக்கோசரம் பொய் சொன்னீங்க. பசியோட நின்ன எங்கள ஒரு நிமிஷம் நெனச்சிப் பாக்கலியேம்மா."

"ஆமா குப்பு" என்றார் அம்மாள். 

ஊர் திரும்பியதும் அவர் உப்பை விட்டார். கிழங்கு தின்றதற்குப் பிராயச்சித்தம் என்று உறவினர்கள் சொன்னார்கள். பொய்க்கு என்று அவர் சொன்னார்.

இனி மணலைக் காக்க ஒன்றுமில்லை. கூண்டுப்பூக் கிழங்கு தின்னலாம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. களைக்கொட்டோடு வந்தார்கள். அம்மாள் வரப்பில் நின்று, "எடுத்துக்குங்க. பூவு இருக்கறத வுட்டுடுங்க. சின்னத வுட்டுடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டார். சிலர் விட்டார்கள், சிலர் விடவில்லை. தோண்டும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அடுத்த புரட்டாசியில் பனை வேருக்கு இடையில் சிக்கிக்கொண்டவை மட்டும் பூத்தன; ஒரு கைக்குள் அடங்கும்.

அந்தக் கொஞ்சத்தைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டவள் குப்பம்மாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. எதற்கு என்று நான் கேட்டபோது, "அந்தம்மா மறுபடி ஏதாச்சும் பொய் சொல்லி வெக்கும், அதுக்குத்தான்" என்றாள். கொடியின் காய் வெடித்து எருக்கம்பஞ்சு போல விதை பறக்கும் நாளில் இரண்டு பேரும் பனையடியில் உட்கார்ந்து, காற்று கொண்டுபோவதற்குள் விதைகளைப் பொறுக்கினார்கள். மழை விழுந்ததும் அவற்றை முள்ளடியில் தூவினார்கள். ஓர் ஆடு முளைகளைக் கடித்துவிட்ட வருஷம் குப்பம்மாள் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டாள். 1946 புரட்டாசியில் மணலில் பாதி மறுபடியும் கூண்டு கட்டியிருந்தது.

அடுத்த கோடையில் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாயிற்று. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அது விஷமில்லை என்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள்?

அம்மாள் என்னைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"எனக்கா? எனக்கு எப்பிடித் தெரியும் வாத்தியாரே? எங்க வீட்ல எவ தின்னு பாத்தா கெழங்க?"